பலகையும் பாரமும்: மதுரை என்னும் பல்கலை நகரம், ஆமத்தூரிலிருந்து ஒரு வாசிப்பு

1

மதுரையைப் பற்றி எழுதுகிறவர்களிடம் ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. சங்கம் வளர்த்த நகரம், தூங்கா நகரம், பல மொழியும் பல சமயமும் புழங்கும் நகரம், கல்லூரிகள் மலிந்த நகரம். அண்மைக் காலத்தில் 'பன்முகத்தன்மை', 'புதுமை' என்ற இரண்டு சொற்களும் இதோடு சேர்ந்துகொண்டன. கருத்தரங்க அழைப்பிதழ்களிலும் விழா மலர்களிலும் இந்தச் சொற்கள் ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டே வருகின்றன. இந்த வாய்ப்பாடு பொய் என்று நிறுவுவது என் நோக்கமல்ல. இதைச் சொல்பவர் எங்கே உட்கார்ந்துகொண்டு சொல்கிறார் என்பதுதான் என் கேள்வி.

நான் இதை ஆமத்தூரிலிருந்து வாசிக்கிறேன். விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற சாலையில் உள்ள ஊர். மதுரை அறுபது கிலோமீட்டர் போல இருக்கும். எங்களுக்கு மதுரை என்றால் பல்கலைக்கழகம், பெரியாஸ்பத்திரி, 2004க்குப் பிறகு ஹைகோர்ட், அப்புறம் புத்தகக் கடை. மதுரைக்கு நாங்கள் யார் என்பது அவ்வளவு தெளிவாக இல்லை.

எங்கள் பக்கத்துப் பேச்சில் 'தொழிற்சாலை' என்ற சொல் கிடையாது. எல்லாமே 'ஆபீஸ்' தான். தீப்பெட்டியாபீஸ், பட்டாசாபீஸ், அச்சாபீஸ். 'எங்கம்மா ஆபீஸ் போயிருக்கு' என்று நான் ஒருமுறை சொன்னபோது, மதுரைத் தோழர் ஒருவர் 'எந்த டிபார்ட்மெண்ட்?' என்று கேட்டார். அம்மா தீப்பெட்டியாபீஸில் சட்டத்தில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தாள். தோழர்மேல் குற்றமில்லை. ஒரே சொல் அறுபது கிலோமீட்டருக்குள் வேறு சொல்லாகிவிடுகிறது, அவ்வளவுதான்.

அஞ்சல் வழியில் எம்.ஏ. தமிழ் படித்த நாட்களில், பாடக் கட்டு வந்ததும் அதைப் புரட்டிப் பார்க்க ஒரு பெரியம்மா வருவார். சிவகாசி அச்சாபீஸ் ஒன்றில் பாரம் மடிக்கிற வேலை அவருக்கு. அச்சான முழுத்தாளைப் பக்க வரிசை மாறாமல் மடித்தால் அது ஒரு பாரம்; பாரங்களைச் சேர்த்தால் புத்தகம். அவர் என் பாடநூலின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: 'நீ படிக்கிற புஸ்தகத்த நான்கூட மடிச்சிருப்பேன் தாயி. உள்ள என்ன எழுதியிருக்குன்னுதான் தெரியாது.'

இக்கட்டுரை அந்த வாக்கியத்துக்கு எழுதும் உரை என்று கொள்ளலாம்.

2

மதுரையின் பல்கலைக்கழகக் கதை ஒரு பலகையில் தொடங்குகிறது. தகுதியுள்ள புலவர் வந்தால் ஒரு முழம் நீண்டு இடம் கொடுக்கும் சங்கப் பலகை. திருக்குறள் அரங்கேற்றம் பற்றிய கர்ணபரம்பரைக் கதையில் இதே பலகை வேறு மாதிரி நடந்துகொள்கிறது. குலத்தைக் காட்டி வள்ளுவருக்கு இடம் மறுக்கிறார்கள் புலவர்கள். நூலை வைத்ததும் பலகை அதன் அளவுக்குச் சுருங்கி, உட்கார்ந்திருந்தவர்களைப் பொற்றாமரைக் குளத்தில் தள்ளிவிடுகிறது. இரண்டு கதைக்கும் பொதுவான ஒரு முன்முடிவு உண்டு: இடம் குறைவு. ஒருவர் உட்கார வேண்டுமானால் தெய்வம் பலகையை நீட்ட வேண்டும், இல்லையென்றால் மற்றவர் குளத்தில் விழ வேண்டும். இன்றைய இட ஒதுக்கீட்டு விவாதத்தில் 'தகுதி' பேசுகிறவர்களின் மனத்தில் இருப்பதும் இந்தப் பலகைதான்.

மூன்றாவதாக ஒரு கதை இருக்கிறது. அதை நாம் போதிய அளவு வாசிக்கவில்லை. இறையனார் களவியலுக்குப் பலர் உரை எழுதுகிறார்கள். எது மெய்யுரை என்று புலவர்களால் தீர்க்க முடியவில்லை. உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மனை நடுவனாக உட்கார வைக்கிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளை, வாய் பேசாது. ஒவ்வொருவரும் தம் உரையைப் படிக்கிறார்கள். நக்கீரர் உரையைக் கேட்கும்போது அந்தப் பிள்ளை கண்ணீர் வார்ந்து மெய் சிலிர்க்கிறது. அதுவே தீர்ப்பாகிறது.

இது விசித்திரமான தேர்வுமுறை. மதிப்பெண் போடுவது பேசாத ஓர் உடல். அறிவு சரியா என்பதைச் சொல்லும் அதிகாரம், அதை எழுதியவனிடமோ பலகையில் இருப்பவனிடமோ இல்லை, கேட்பவனிடம் இருக்கிறது. கதையாடல் இதோடு நின்றிருந்தால் தமிழில் ஒரு புரட்சிகரமான கல்விக் கோட்பாடு நமக்குக் கிடைத்திருக்கும். நிற்கவில்லை. அந்தப் பிள்ளை சாபத்தால் பிறந்த முருகன் என்று ஒரு வரி சேர்க்கப்படுகிறது. சாதாரணப் பிள்ளை ஒன்றுக்கு அந்த அதிகாரத்தை விட்டுவைக்க மனம் வரவில்லை போலும்.

பலகைக்கு வெளியே எழுத்து இருந்ததா? 2015 முதல் கீழடியில் நடந்துவரும் அகழாய்வு, பானை ஓட்டில் கீறிய பெயர்களை நம் முன் வைத்திருக்கிறது. ஆதன், குவிரன் போன்ற ஆட்பெயர்கள். புழங்குகிற பாண்டத்தில் பெயர் எழுதி வைத்தவர்களைச் சங்கப் பலகையின் கதையில் தேடினால் கிடைக்கமாட்டார்கள்.

3

மதுரை பன்மையான நகரம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அந்தப் பன்மை எப்படி உண்டானது என்பதில்தான் வேறுபடுகிறேன். 'சகிப்புத்தன்மை', 'விருந்தோம்பல்' என்று நல்ல குணமாக அதைச் சொல்லும்போது, அதில் இருந்த உழைப்பும் பேரமும் மறைந்துபோகின்றன.

சௌராஷ்டிரர்களை எடுத்துக்கொள்வோம். பட்டு நெசவோடு தம் மொழியையும் கொண்டுவந்து, இன்றும் வீட்டில் அந்த மொழி பேசுகிறார்கள். நகரம் அவர்களைச் 'சேர்த்துக்கொண்டது' என்கிறோம். ஆனால் தமக்கும் பிராமணச் சடங்குரிமை உண்டு என்று நிறுவ அவர்கள் வழக்காட வேண்டியிருந்தது. ராணி மங்கம்மாள் காலத்தில், 1705இல், ஆணை வாங்க வேண்டியிருந்தது. சேர்த்துக்கொள்வது என்றால் ஏணியில் ஒரு படியைக் காட்டுவது என்றுதான் அன்றைய மதுரையில் பொருள்.

புதுமைக்கு உதாரணம் வேண்டுமானால் ராபர்ட் டி நொபிலியைச் சொல்வார்கள். 1606இல் மதுரை வந்தவர். தமிழும் வடமொழியும் கற்றவர். காவி உடுத்து, சைவ உணவு உண்டு, தமிழ் உரைநடையில் சமயம் எழுதியவர். பண்பாட்டு உரையாடலின் முன்னோடி என்பார்கள். சரி. ஆனால் அந்த உரையாடலுக்காக அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, தாழ்ந்த சாதிக் கிறித்தவர்களோடு புழங்கிய சக பாதிரியாரின் இல்லத்திலிருந்து தனியே பிரிந்து போனது. நகரத்தோடு பேச வேண்டுமானால் நகரத்தின் தீண்டாமையையும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. மதுரையின் மிகப் பெரிய 'புதுமை' ஒன்று சாதியை அப்படியே விட்டுவைத்துச் செய்யப்பட்டது என்பதை நம் பாடநூல்கள் சொல்வதில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. புது மண்டபத்துத் தையல்காரர்களை மறந்துவிட முடியாது. சித்திரைத் திருவிழாவில் அழகருக்கு நேர்ந்துகொண்டு தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் போடும் உடைகளைத் தலைமுறைகளாகத் தைத்தவர்களில் பலர் இஸ்லாமியர். பக்கத்திலேயே புத்தகக் கடைகள்: பஞ்சாங்கம், பெரிய எழுத்துக் கதைகள், பாடநூல், கைடு எல்லாம் ஒரே தூணின் நிழலில். ஒரு பல்கலைக்கழகம் உண்மையில் எப்படி இருக்கலாம் என்பதற்கு அந்த மண்டபம் ஒரு மாதிரி. அண்மை ஆண்டுகளில் மரபைப் பாதுகாப்பது என்ற பெயரில் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. தூண்களுக்கு அது நல்லதாகவே இருக்கலாம். ஆனால் 'மரபு' என்ற சொல்லாடல் கல்லைக் காப்பாற்றிக் கையை அப்புறப்படுத்துகிறது என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

நகரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் நடந்தது என்ன? மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் வந்தவர்களுமாக ஆறு தலித்துகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996 முதல் பத்து ஆண்டுகள் தலித் ஒருவர் தலைவர் நாற்காலியில் நிலைத்து உட்கார முடியவில்லை. உத்தப்புரம் சுவரில் 2008 மே 6 அன்றுதான் உடைப்பு விழுந்தது. எல்லாம் மதுரை மாவட்டம். மறுபடியும் பார்க்கலாம்: பிரச்சினை உட்காரும் இடம்தான். பலகை நாற்காலியாகியிருக்கிறது, நீளவில்லை.

4

இனி, பல்கலைக்கழகம். அமெரிக்கன் கல்லூரி 1881இல் பசுமலையில் தொடங்கியது. நான்காம் தமிழ்ச் சங்கத்தைப் பாண்டித்துரைத் தேவர் 1901இல் நிறுவினார். மதுரைப் பல்கலைக்கழகம் 1966இல் வந்தது. முதல் துணைவேந்தர் தெ.பொ. மீனாட்சிசுந்தரனார். மு. வரதராசனாரும் பிறகு அந்தப் பொறுப்பில் இருந்தார். வளாகம் நகரத்துக்குள் இல்லை. மேற்கே 13 கிலோமீட்டரில், தேனிச் சாலையில், 750 ஏக்கரில் இருக்கிறது. 'பல்கலை நகர்' என்று தனியாகவே ஊர்ப்பெயர். பல்கலைக்கழக நகரம் என்கிறோம். பல்கலைக்கழகமும் நகரமும் ஒன்றையொன்று பஸ் ஏறிப்போய்த்தான் பார்க்க வேண்டும்.

1978இல் அதற்குக் காமராசர் பெயர் சூட்டப்பட்டது. காமராசர் விருதுநகர்க்காரர்; ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அவர் படித்த சத்திரிய வித்தியாசாலை, வியாபாரத்தில் எடுத்த மகமையிலும் வீடு வீடாகத் திரட்டிய பிடி அரிசியிலும் நடந்த பள்ளி. பிடி அரிசியில் வளர்ந்த பள்ளியின் பிள்ளை பெயரை 750 ஏக்கர் வளாகம் தாங்கி நிற்கிறது. அந்தப் பெயர் மட்டும்தான் எங்கள் பக்கத்திலிருந்து முழு மரியாதையோடு உள்ளே போனது என்று சில சமயம் தோன்றும்.

அந்த வளாகத்தில் நடந்த ஆய்வுகளில் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். எம்.கே. சந்திரசேகரனும் ஜி. மாரிமுத்துவும் உடன் பணியாற்றியவர்களும் அருகிலுள்ள குகைகளில் வௌவால்களைக் கொண்டு உயிர்க்காலவியல் ஆய்வு செய்தார்கள். வெளிச்சமே எட்டாத குகைக்குள் ஒரு வௌவாலைக் கூண்டில் அடைத்து வைத்தார்கள். அதற்குப் பகலும் தெரியாது, இரவும் தெரியாது. ஆனாலும் சரியான நேரத்துக்கு அது பறக்க எழுந்தது. காரணம், அதே குகையில் சுதந்திரமாக இருந்த மற்ற வௌவால்கள் மாலையில் வெளியே போவதும் விடியலில் திரும்புவதும் அதற்குத் தெரிந்தது. கூட்டம் இல்லாத குகையில் அடைத்தபோது அதன் நேரம் வெளியுலகத்திலிருந்து விலகி நகர்ந்துகொண்டே போனது. 1981இல் வெளியான இந்த முடிவு உலக அளவில் கவனம் பெற்றது. மதுரையின் 'புதுமை' என்று எதையாவது சொல்ல வேண்டுமானால், நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

விஞ்ஞானத்தை உவமையாக்குவது ஆபத்து என்பது தெரியும். ஆனாலும் எங்கள் ஊரில் நாங்கள் அறிவின் காலத்தைத் தெரிந்துகொண்டது இப்படித்தான். மதுரைக்குப் போய்த் திரும்புகிறவர்களின் சத்தத்தில். யாரோ ஒருவர் கல்லூரிக்குப் போனார். திரும்பும்போது பையில் ஒரு சிற்றிதழ் இருந்தது. அதில் ஃபூக்கோ என்று ஒரு பெயர் இருந்தது. வெளியே விடிந்துவிட்டது என்று எங்களுக்குத் தெரிந்தது. கூண்டு திறந்ததா என்று கேட்டால், இல்லை. நேரம் தெரிந்தது, பறக்க வழியில்லை.

அஞ்சல் வழிக் கல்வி அந்தக் கூண்டில் ஒரு ஜன்னல். 1970களின் தொடக்கத்தில் மதுரையில் ஆரம்பித்த அந்த ஏற்பாட்டை எந்தப் பெருமை மலரும் புதுமைப் பட்டியலில் முன்வைப்பதில்லை. வேலைக்குப் போகிற ஆண்களும் கல்யாணமான பெண்களும் பட்டதாரியானது அதனால்தான். எங்கள் பக்கம் 'கரஸ்ல படிக்கிறேன்' என்பார்கள். ஒரு கான்டாக்ட் கிளாஸ் எனக்கு மறக்காது. பாடம் நடத்த வந்தவர் சொன்னார்: 'ரெகுலர் பிள்ளைகன்னா விளக்கிச் சொல்வேன். நீங்க நோட்ஸ மட்டும் எழுதிக்கங்க.' பக்கத்தில் இருந்தவர் பட்டாசாபீஸ் கணக்குப்பிள்ளை, நாற்பது வயது இருக்கும். அவர் தொல்காப்பியத்தில் ஒரு சந்தேகம் எழுதி வைத்திருந்தார். கேட்கவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அறைக்குள் பலகை இருந்தது. ஒரு முழம் நீளவில்லை.

அந்த ஆசிரியரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அரசு பல்கலைக்கழகங்களைக் கைவிட்டு வருகிற காலம் இது. 2023–24இல் காமராசர் பல்கலைக்கழக ஊழியர்களும் ஓய்வூதியர்களும் சம்பளம் கேட்டும் ஓய்வூதியம் கேட்டும் போராட வேண்டியிருந்தது. பலகையையே விறகாக்கிக்கொண்டிருக்கும்போது அதில் யாருக்கு இடம் என்ற என் விவாதம் சற்று ஆடம்பரமாகத் தோன்றலாம். அப்படியல்ல. பலகையில் இடம் கிடைக்காதவர்கள் அதைக் காப்பாற்ற வரமாட்டார்கள் என்பதால்தான் இரண்டும் ஒரே பிரச்சினை.

5

அப்படியானால் மதுரையில் பல்கலைக்கழகம் எங்கே நடந்தது? வளாகத்தின் ஓரங்களிலும் அதற்கு வெளியிலும் நடந்தது என்பேன். தோல்பாவை நிழற்கூத்தை ஆராய்ந்த மு. ராமசாமி, ஆய்வேட்டோடு நிற்காமல் நிஜ நாடக இயக்கத்தைத் தொடங்கித் தெருவுக்கு வந்தார். பாவைக்கூத்து ஆடுகிறவர்கள் வீட்டில் மராட்டி பேசி, கூத்தில் தமிழ் பேசுகிறவர்கள். 'பன்முகத்தன்மை' அவர்களுக்குக் கொள்கை இல்லை, பிழைப்பு. அரசரடியில் 1969இல் தொடங்கிய இறையியல் கல்லூரியில் பரட்டை என்கிற தியோபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற இசையையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். நொபிலி விட்டுவிட்டுப் போன இடத்திலிருந்து அவர் தொடங்கினார் என்று வாசிக்க முடியும். நொபிலி மேலே பார்த்துத் தமிழ் பேசினார். பரட்டை பக்கத்தில் உட்கார்ந்து பாடினார்.

1990களின் தொடக்கத்தில் மாவட்டந்தோறும் நடந்த அறிவொளி இயக்கத்தையும் இங்கேதான் வைக்க வேண்டும். ஆபீஸ் விட்டு வந்த பெண்கள் தெருவிளக்கடியில் உட்கார்ந்தார்கள். என் அம்மா கையெழுத்துப் போடக் கற்றது அப்படித்தான். குச்சி அடுக்கிப் பழகிய விரல். முதல் நாள் எழுதிய எழுத்துகள்கூட நேர்வரிசையில் நின்றதாம். இதை அவள் பெருமையாகச் சொல்லுவாள். பலகையே இல்லாத பல்கலைக்கழகம்; தரையில் நடந்தது. நீடிக்கவில்லை.

6

எங்கள் பக்கத்தையும் விமர்சிக்காமல் இதை முடித்தால் நேர்மையாகாது. கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் 1897இல் நுழைந்த நாடார்கள்மேல் வழக்குப் போட்டார்கள். பிரிவி கவுன்சில்வரை போய் 1908இல் நாடார்கள் தோற்றார்கள். 1899இல் சிவகாசி தாக்கப்பட்டது. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் மதுரைக் கோயிலுக்குள் அழைத்துப்போனவர்களில் கக்கன் முதலிய தலித்துகளோடு நாடார் ஒருவரும் இருந்தார். இடம் மறுக்கப்பட்டவர்கள் காத்திருக்கவில்லை. 1920களில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள், அச்சு கற்றார்கள், பள்ளியும் கல்லூரியும் கட்டினார்கள். இன்று ஆமத்தூரை ஒட்டியே ஒரு பொறியியல் கல்லூரி இருக்கிறது. பலகையில் இடம் இல்லையென்றதும் பலகை செய்யவே கற்றுக்கொண்ட சமூகம் அது. அந்தச் சாதனை எனக்குப் பெருமைதான்.

ஆனால் அந்தப் புதுப் பலகையில் யார் உட்காருகிறார்கள்? மருந்து செலுத்துகிறவர்கள், திரி வெட்டுகிறவர்கள், பாரம் மடிக்கிறவர்களில் தலித்துகளும் பிற ஏழைச் சாதியினரும் எத்தனை பேர். அவர்கள் பிள்ளைகளில் அந்தக் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டக்கூடியவர் எத்தனை பேர்? குழந்தைத் தொழில் பற்றி எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தபோது, நாடெங்கும் பேசப்பட்ட ஊர் சிவகாசி. நாட்டுக்கெல்லாம் நோட்டுப் புத்தகம் அடித்துக் கொடுத்த ஊரில் பிள்ளைகள் பள்ளிக்கு வெளியே இருந்தார்கள். இந்த முரணை மதுரையின் தலையில் மட்டும் கட்ட முடியாது.

தீபாவளி மறுநாள் தெருவில் சிதறிக் கிடக்கும் தாளைக் குனிந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். எழுதித் தீர்ந்த நோட்டு, விலை போகாத கைடு, பழைய பாடநூல் எல்லாம் எடைக்குப் போய் வெடியின் சுற்றாகத் திரும்பும். அரை வரி இலக்கணம், கால் வரி சூத்திரம். தாள் எங்களிடமிருந்து நகரத்துக்குப் போகிறது, அறிவாகிறது, குப்பையாகி எங்களிடமே வருகிறது. இரண்டு முறையும் எங்கள் கைதான் அதை மடிக்கிறது. அறிவாக இருக்கும் அந்த இடைவெளியில் மட்டும் நாங்கள் அங்கே இல்லை.

சிற்றிதழ்க்காரர்களான நாமும் இதில் சுத்தமானவர்களல்ல. விளிம்பு பற்றிப் பேச மதுரையில் மண்டபம் பிடிக்கிறோம். 'பிரதி', 'மற்றமை', 'வெளி' என்று எழுதுகிறோம்; நானும் எழுதுகிறேன். அச்சடிக்கச் செலவு குறைவு என்று சிவகாசிக்கு அனுப்புகிறோம். யார் மடித்தார்கள் என்று கேட்டதில்லை.

எனவே ஒரு யோசனை. நமது அடுத்த கூட்டத்தை ஆமத்தூரில் வைப்போம். கட்டுரை படிக்கிறவர்கள், உருத்திரசன்மன் முன்னால் படித்த மாதிரி, கேட்கிறவர் முகம் பார்த்துப் படிக்கட்டும். கேட்கிறவர் முருகனாக இருக்க வேண்டியதில்லை. மெய் சிலிர்க்கவும் வேண்டியதில்லை. 'புரியல, திரும்பச் சொல்லு' என்று சொல்லும் உரிமை இருந்தால் போதும். எங்கள் கணக்குப்பிள்ளை பையில் மடித்து வைத்த சந்தேகத்தையும் அன்று கேட்கலாம்.

இந்த யோசனையைப் பெரியம்மாவிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு அவர் கேட்டது இதுதான்: 'வரலாம் தாயி. எத்தன மணிக்கு வைப்பீங்க? ஆபீஸ் விட்டு வந்து சேர ஏழாயிருமே.'

கூட்டம் ஏழு மணிக்கு மேல்தான்.